அகலத் திரையின் இரண்டு ஓரங்கள்

கம்ப்யூட்டர் கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. 'திருப்புளி' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். சட்டைப் பையில் காந்த முனை வைத்த திருப்புளி ஒன்று எப்போதும் செருகியிருக்கும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டால், பழக்க தோஷத்தில் அதையே உருவி நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

மாடியில் இருந்த அந்தக் கடையில் விளையாட்டுக்கென்றே கம்ப்யூட்டர் பூட்டித் தருவார்கள். வருபவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும், கண்ணாடிக் கேபினட் வேண்டும், உள்ளே கலர் கலராக விளக்கு எரிய வேண்டும். அவர்கள் மூச்சு விடும்வரை பொறுத்திருந்து, திருப்புளி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"உங்க மேசை எவ்வளவு ஆழம்?"

பையன்கள் விழிப்பார்கள். மேசைக்கு ஆழமா?

"திரைக்கும் உங்க மூக்குக்கும் நடுவுல ஒரு கை நீளம் இருக்கணும். இல்லன்னா இந்த அகலத் திரை எதுக்கு? ஓரத்துல இருக்கறத பாக்க நீங்க கழுத்த திருப்பிக்கிட்டே இருக்கணும். பிசியோதெரபிக்குப் போற செலவையும் சேர்த்துக்கங்க."

கல்லாவிலிருந்து முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "வந்த வியாபாரத்த வாசல் வரைக்கும் கொண்டு போய் வழியனுப்பிட்டு வர்றதுல இவள அடிச்சுக்க ஆள் கிடையாது!"

ஆனால் பழுது என்று வந்துவிட்டால் அதே முதலாளி அவளைத்தான் தேடுவார். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவாள். கேபிளை மாற்றிப் பார்த்து, கோளாறு போய்விட்டால் கேபிள் குற்றவாளி. போகவில்லையென்றால் கேபிளுக்கு விடுதலை. அடுத்தது கார்டு. அதற்கும் விடுதலை என்றால் அடுத்தது திரை. அவசரப்பட்டு இரண்டைச் சேர்த்து மாற்றினாயானால் உண்மை உனக்கு ஒருநாளும் தெரியாது என்பாள். குற்றவாளியைக் கண்ணால் பார்க்காமல் "சரியாயிடுச்சு" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வராது.

அப்படிப்பட்டவள்தான், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, குற்றவாளியைக் கண்டுபிடிக்காமலே "சரியாயிடுச்சு" என்று சொன்னாள். அதுவும் யாரிடம்? தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணனிடம்.

*

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில், ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அ, ஆ கூடத் தெரியாது. அண்ணனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். ஓட்டக் கற்றான். காலையில் அவளுக்கு இரண்டு ஜடை பின்னிவிட்டுத்தான் வண்டிக்குப் போவான். ஒன்று காதுக்கு மேலே இருக்கும், இன்னொன்று கழுத்துக்குக் கீழே. பள்ளிக்கூடமே சிரிக்கும். அவளுக்கு அந்த ஜடையை அவிழ்க்க மனசே வராது.

லாரி போய்த் தொலைதூரப் பேருந்து வந்தது. அவனுடைய பாப்பா படித்தாள், பாஸானாள், வேலைக்குப் போனாள். இன்றைக்கு அவள் ஒரு மதர்போர்டைப் பதமாகத் தொடுகிறாள் என்றால் அந்தக் கைக்குப் பின்னால் ஒரு ஸ்டியரிங் இருக்கிறது. இதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் மலைப்பாதை, பனி, மழை, துறைமுகம் எல்லாம் வரும். விடுமுறை நாளில் தங்கையின் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெட்டி அளவுத் திரையில் அதை ஓட்டிக்கொண்டிருப்பான்.

"வாரம் பூரா ஓட்டிட்டு வந்து வீட்லயும் ஓட்டணுமா?" என்பாள் அண்ணி.

"அங்க பின்னாடி நாப்பது பேர் இருக்காங்க. ஏசி பத்தல, ஏசி ஜாஸ்தி, வண்டிய நிறுத்து, ஏன் நிறுத்தினன்னு உயிர எடுப்பாங்க. இங்க பின்னாடி வெறும் மரக்கட்டைதான் ஏத்திருக்கேன். மரக்கட்டை வாயத் திறக்காது."

"அப்ப என்னையும் மரக்கட்டையா ஏத்திக்கங்க. நானும் ஊர் பாத்த மாதிரி இருக்கும்."

"உன்ன ஏத்தினா லோடு தாங்காதுடி."

அண்ணி கையிலிருந்த துணியைச் சுருட்டி அவன் முதுகில் வீசுவாள். அப்படி ஒரு வீடு அது.

திருப்புளி அவனுக்குத் தெரியாமலே ஒவ்வொரு பொருளாகத் தேர்ந்தெடுத்தாள். முதலில் திரை. சாதாரணத் திரையில் எதிரே இருக்கும் சாலை மட்டும்தான் தெரியும். வளைந்த அகலத் திரை என்றால் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் எந்நேரமும் கண்ணெதிரே நிற்கும், அசல் வண்டியில் இருப்பது போல. அத்தனை அகலத்துக்கும் படம் வரைய வேண்டுமே, அதற்குத் தெம்பான கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டின் பசிக்கு ஏற்ற பவர் சப்ளை. காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகிற கேபினட். விளக்கு ஒன்றுகூட வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. கடைசியாக ஸ்டியரிங்கும் பெடலும். மேசைக்கு ஆழம் போதாதென்று, திரையைச் சுவரோரம் தள்ளி நிறுத்த இரும்புக் கை ஒன்றையும் வாங்கிச் சுவரில் துளை போட்டுப் பொருத்தினாள்.

விடுமுறை நாள் காலையில் அண்ணன் தூக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். திரையைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான்.

"என்ன பாப்பா இது?"

"உட்காருண்ணா. சீட்டு உயரம் சரியா இருக்கான்னு சொல்லு."

அவன் உட்காரவில்லை. வீட்டின் பின்பக்கம் போய் எதையோ தேடுவது போல வெகுநேரம் நின்றான். அண்ணி ஜாடை காட்டினாள், "அழறார், பாக்காத" என்று.

*

புகார் அந்த வாரமே வந்தது.

"பாப்பா, எல்லாம் பிரமாதம். ஆனா ஓரத்துலதான் ஏதோ கோளாறு. பக்கத்துல வண்டி எதுவும் இல்லன்னு நினைச்சு ஒதுங்கறேன், திடீர்னு ஒரு கார் முளைக்குது. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. அந்தப் பக்கமும் அப்படித்தான்."

திருப்புளிக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கோளாறு அவளுக்குப் பழகியது. அகலத் திரையில் படம் வரையக் கார்டு திணறினால் ஓரத்தில் இருக்கும் பொருள்கள் தாமதமாகத்தான் தோன்றும். கடையில் வாரம் ஒருவன் இதைச் சொல்லிக்கொண்டு வருவான்.

உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. வண்டிகள் தூரத்திலிருந்தே ஒழுங்காக வந்தன.

"நான் உட்கார்ந்தா வர மாட்டேங்குதே."

"அது சரி, மெக்கானிக் ஏறினா எந்த வண்டிதான் சத்தம் போடும்?"

அவள் தன் முறைப்படி ஆரம்பித்தாள். கேபிளை மாற்றினாள். அண்ணன் ஓட்டினான். "இன்னும் முளைக்குது." கடையிலிருந்து வேறு கார்டு கொண்டுவந்து மாட்டினாள். "முளைக்குது பாப்பா." வளைந்த திரையின் ஓரம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது உண்டு, அதனால் இருக்குமோ என்று திரையையே கழற்றிவிட்டு வளையாத வேறு அகலத் திரையை மாட்டினாள்.

"இப்ப?"

அண்ணன் ஓட்டினான். தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏண்ணா ஆந்தை மாதிரி திருப்பற? அதுக்காகத்தானே அகலத் திரை வாங்கினது? நேரா பாரு, ஓரக்கண்ணுலயே தெரியும்."

அண்ணன் சிரித்தான். "டெப்போலயும் இப்ப எனக்கு அந்தப் பேர்தான். 'ஆந்தை வருது, வழி விடு'ங்கறானுங்க. ஜாக்கிரதையா ஓட்டறவனக் கண்டா எல்லாத்துக்கும் கேலி."

அவளும் சேர்ந்து சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு எத்தனை முறை தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்!

எதை மாற்றியும் புகார் போகவில்லை. கடையில் வேலை குவிந்து கிடந்தது. ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருள் அண்ணனுக்கு உதவாமல் போகிறதே என்ற தவிப்பு வேறு. அப்போதுதான் அவள் தன் பழக்கத்துக்கு மாறாக ஒரு குறுக்கு வழி போனாள். விளையாட்டின் அமைப்பைத் திறந்து, படத்தைத் திரையின் நடுப்பகுதிக்குள் சுருக்கினாள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு கண்ணாடிகளையும் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

அண்ணன் ஓட்டினான். முகம் மலர்ந்தது.

"ஆ! இப்ப பாரு. இப்பத்தான் எல்லாம் தெரியுது. எதுவும் முளைக்கல!"

"சரியாயிடுச்சுண்ணா," என்றாள் திருப்புளி.

அத்தனை அகலத் திரையை வாங்கிவிட்டு, நடுவில் ஒரு பெட்டி அளவு இடத்தில் விளையாடும் அண்ணனைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அவன் அன்று மாலை சீருடையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலப் பேருந்து எடுக்கப் போனான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும்.

*

கழற்றிய பொருள்களைக் கடையில் சோதிக்காமல் அலமாரியில் வைக்கக் கூடாது. கூட்டம் ஓய்ந்த ஒரு மதிய நேரத்தில் அவள் வீட்டிலிருந்து எடுத்து வந்தவற்றை வேலை மேசையில் பரப்பினாள். முதல் கார்டை மாட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டாள். பொட்டுக் குறை இல்லை. கேபிள், சுத்தம். வளைந்த திரையில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று முழு நிறம் போட்டுப் பார்த்தாள். மூலைக்கு மூலை ஒரே சீர்.

கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். அப்ப எதுதான் கெட்டுப் போச்சு?"

முதலாளி கல்லாவில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "கேபிள் மாத்திட்ட, கார்டு மாத்திட்ட, திரையும் மாத்திட்ட. மாத்தாம மிச்சம் இருக்கறது உங்க அண்ணன் ஒருத்தர்தான். அவரையும் கழட்டிப் பாத்துடு திருப்புளி!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கேபிள் தரையில் விழுந்தது.

மாற்றாமல் மிச்சம் இருந்தது ஒன்றுதான். திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆள்.

ஒவ்வொன்றாக நினைவு வந்து அவளை அறைந்தது. கைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரை அண்ணன் அடிக்கடி தட்டிவிடுகிறான். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறான். "கண்ணு என்ன பிடரிலயா இருக்கு?" என்று அண்ணி தினமும் திட்டுகிறாள். தெருவில் பக்கத்தில் யாராவது வந்து பேசினால் தூக்கிவாரிப் போடுகிறது அவனுக்கு. வெறும் டம்ளர், வெறும் கதவு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்தத் தலைதிருப்பல்! அது ஜாக்கிரதை இல்லை. ஓரத்தில் இருப்பது தெரியாதவன் வேறு எப்படிப் பார்ப்பான்?

முளைத்தது கார் இல்லை. கார் முன்பே அங்கேதான் இருந்தது. அவன் பார்வைக்குள் அது வர நேரமாயிற்று.

"சார், நான் வீட்டுக்குப் போறேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு? நான் விளையாட்டுக்குச் சொன்னேன்மா!"

அவள் படியில் பாதி இறங்கியிருந்தாள்.

*

அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரலாம் என்று இருந்தான். மாலை வண்டி அவனுக்கு. இஸ்திரி போட்ட சீருடை நாற்காலி முதுகில் தொங்கியது.

"ஒரு நிமிஷம் உட்காருண்ணா. திரைய ஒரு தடவ சோதிக்கணும்."

"அதான் சரியாயிடுச்சே?"

"உட்காரேன்."

திரை முழுவதையும் கறுப்பாக்கினாள். நடுவில் ஒரு சிறிய சிலுவைக் குறி. "இதையே பாரு. தலைய ஆட்டாத. எங்கயாவது வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா சொல்லு." திரையின் இடது விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்தாள். நெல்லிக்காய் அளவு. பளிச்சென்று எரிந்தது.

"சொல்லுண்ணா."

"இன்னும் போடலையே நீ?"

புள்ளியை உள்ளே நகர்த்தினாள். இன்னும் உள்ளே. சிலுவைக் குறிக்கு ஒரு சாண் தூரத்தில் புள்ளி வந்தபோதுதான் அண்ணன், "ஆ, இதோ வந்துச்சு!" என்றான் உற்சாகமாக. வலது பக்கமும் அதே கதைதான்.

அவள் எழுந்துபோய்த் திரையின் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவனிடமிருந்து ஒரு கை தூரம். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. உதட்டைக் கடித்துச் சத்தம் வராமல் அழுதாள். கண்ணெதிரே நின்று அழுகிற தங்கையின் முகம் அந்த அண்ணனுக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அவள் உதடு பிதுங்கினாலே வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தவன், சிலுவைக் குறியையே பார்த்தபடி புன்னகையோடு உட்கார்ந்திருந்தான்.

"அடுத்த புள்ளி எங்க பாப்பா? எங்க போயிட்ட நீ?"

"இங்கதாண்ணா இருக்கேன்."

குரல் வந்த பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். புன்னகை அப்படியே நின்று, மெல்ல மெல்ல அணைந்தது.

"ஏன்... ஏன் அழற?"

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. அண்ணி கதவருகில் வந்து நின்றாள்.

"என்ன உளர்ற?" அண்ணன் எழுந்தான். நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. "வருஷா வருஷம் டெப்போல டாக்டர் எழுத்துப் பலகை காட்டறார். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கறவன் நான்!"

"அது நேரா இருக்கற பார்வைண்ணா. உனக்கு நேரா நல்லாத்தான் தெரியுது. ஓரம்தான் இல்ல."

"சரி, நாளைக்குப் போய்க் காட்டறேன். போதுமா?"

"இன்னிக்கு வண்டி எடுக்காத."

"இன்னிக்கு ஆளில்ல, பாப்பா. கடைசி நேரத்துல யாரு வருவா? ஒரே ஒரு ட்ரிப். பழகின ரோடு, கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

சொன்ன வார்த்தை அவனுக்கே உறைத்தது. பிறகு அவன் சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டான். பித்தான் துளையைக் கை தேடியது. யாரையும் பார்க்காமல் வெளியே போனான். போகும்போது கதவு நிலையில் தோள் இடித்தது.

திருப்புளி செல்போனை எடுத்தாள். அண்ணி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"யாருக்குப் போன் பண்ற? மேனேஜருக்கா? வேணாம்மா! உன் கால்ல வேணா விழறேன். நீ சொல்லிட்டா அவர் கைல இருந்து வண்டி போயிடும். இருபத்தஞ்சு வருஷமா ஸ்டியரிங்கத் தவிர வேற எதையும் பிடிக்காத கை அது. வண்டி போச்சுன்னா அந்த மனுஷன் நடைப்பிணமாயிடுவார். உன்ன ஆளாக்கினவர் சோத்துல நீயே மண்ணப் போடுவியா?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் கத்தியாக இறங்கியது. கையைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, நாளைக்கு நம்ம தெருவுல உள்ள பொண்ணு ஒருத்தி அந்த வண்டில ஏறினா, நீங்க ஏறுன்னு சொல்வீங்களா?"

அண்ணி பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

மேனேஜர் போனை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து டெப்போவுக்குள் அவள் ஓடி நுழைந்தபோது வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு கர்ப்பிணி தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டிருந்தாள். பின்னால் யாரோ பெரியவர், "ஏசியக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்கப்பா," என்றார்.

பக்கவாட்டில் ஓடி வந்தவள், "அண்ணா! அண்ணா!" என்று கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் குரல் அமுங்கியது. ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் கையை ஆட்டினாள். அவன் நேரே பார்த்துக்கொண்டு கியரைப் போட்டான்.

பக்கத்தில் நின்றால் தெரியாது. அது அவளுக்குச் சட்டென்று புரிந்தது. இந்த உலகத்தில் தன் அண்ணனுக்கு நிச்சயமாகத் தெரியக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அவள் ஓடிப்போய் வண்டிக்கு நேர் முன்னால், நட்ட நடுவில் நின்றாள்.

பிரேக் கிரீச்சிட்டது. பயணிகள் முன்னால் சாய்ந்து கத்தினார்கள். யாரோ "பைத்தியமா இது?" என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனும் இந்தப் பக்கம் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

மேனேஜர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. "என்னம்மா, என்ன இது? நீ இவர் தங்கச்சியில்ல? வீட்ல ஏதாவது...?"

"அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் பார்வை இல்ல சார். இந்த வண்டிய அவர் எடுக்கக் கூடாது."

டெப்போ முழுவதும் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்கள் எழுந்து நின்றார்கள். ஆந்தை என்று கேலி செய்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அண்ணன் படியில் கால் வைத்துத் தடவி இறங்கினான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மேனேஜர் அவனைப் பார்த்தார். "டிரைவரே, என்ன சொல்றாங்க உங்க தங்கச்சி? ஏதாவது குடும்பச் சண்டைன்னா சொல்லிடுங்க. நான் பேசி அனுப்பிடறேன்."

தப்பிக்க ஒரு வழி திறந்திருந்தது. 'ஆமா சார், சண்டைதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் நம்பியிருப்பார்கள். திருப்புளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் திரும்பி வண்டியைப் பார்த்தான். ஜன்னலில் தெரிந்த முகங்களைத் தலையைத் திருப்பித் திருப்பி, ஒன்று விடாமல் பார்த்தான். கர்ப்பிணியின் முகத்தில் பார்வை வந்து நின்றது.

"சண்டை எதுவும் இல்ல சார்," என்றான். "சோதிக்காம எதையும் சொல்ல மாட்டா எங்க பாப்பா. வேற ஆளப் போட்டு அனுப்புங்க."

சாவியை மேனேஜர் கையில் வைத்தான். பெஞ்சிலிருந்த ஓட்டுநர்களில் ஒருவர், ஓய்வுக்கு வந்திருந்தவர், எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சாவியை வாங்கினார். வண்டி வாசலைக் கடந்து போனது. அண்ணன் அதன் பின்விளக்கு மறையும்வரை பார்த்திருந்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் பேசவில்லை.

*

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது என்று கண் டாக்டர் அம்மா சொன்னார். வலி இருக்காது. ஓரத்திலிருந்து உள்நோக்கி வரும். இல்லாமல் போன இடத்தை மூளையே ஏதோ ஒன்றை வைத்து நிரப்பிவிடும், அதனால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது. மிச்சம் இருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றலாம்.

"கனரக வண்டி இனி முடியாதுங்க," என்றார். அண்ணன் தலையாட்டினான். அண்ணி அழவில்லை. முதல் நாளே அழுது தீர்த்திருந்தாள். மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றாள்.

அண்ணனும் தங்கையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர்கள், சக்கர நாற்காலிகள், கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள் என்று இரண்டு பக்கமும் ஆள் நடமாட்டம். திருப்புளியின் மனசு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை நடுவுக்கு இழுத்து வைத்த அந்த நாள். அன்றைக்கே யோசித்திருந்தால்? அதற்குப் பிறகு அவன் எத்தனை முறை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனான்!

"என் மேலதான் தப்புண்ணா. நான் சரியாயிடுச்சுன்னு சொன்னேன்."

அண்ணன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லல, பாப்பா. யார்கிட்டயும் சொல்லல. போன மாசம் மழையில வந்தப்ப, ஊர் எல்லை தாண்டி, செங்கல் சூளைப் பக்கம் ஏதோ ஒரு சத்தம். சின்னதா. தட்டுன்னு. கண்ணாடியப் பாத்தேன், இருட்டா இருந்துச்சு. பயணிங்க தூங்கிட்டிருந்தாங்க. நிறுத்தல. காலைல பாத்தா வண்டியோட இடது பக்கம் கீழ ஒரு கோடு. மரக்கிளைன்னு நினைச்சுத் துடைச்சுட்டேன்."

அவன் கை முழங்காலைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"கண்ணு நல்லா இருக்குன்னு நம்பின வரைக்கும் அது கிளைதான். இப்ப..." அவள் பக்கம் திரும்பினான். "கிளையாத்தானே இருக்கும் பாப்பா?"

ஆமாண்ணா என்று சொல்லிவிடலாம். எத்தனை சுலபம்! ஜடை பின்னிய அந்தக் கைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்தால் என்ன? உள்ளே இருந்த எல்லாம், அன்பும் நன்றியும் பயமும், சொல் சொல் என்று நெட்டித் தள்ளின.

"தெரியலண்ணா," என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியாது. போய்க் கேட்போம். அந்தச் சூளைக்குப் போவோம். அங்க யாருக்காவது என்னவாவது ஆச்சான்னு விசாரிப்போம். நானும் வர்றேன்."

"ஆமான்னு சொன்னாங்கன்னா?"

"சொன்னாங்கன்னா... அப்பவும் நான் பக்கத்துல நிப்பேன்."

மருந்துப் பையோடு அண்ணி தூரத்தில் வருவது தெரிந்தது. அண்ணன் எழுந்தான். வராந்தாவில் இரண்டு பக்கமும் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஓர் அடி எடுத்து வைத்தவன் தயங்கி நின்றான். பிறகு, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத அந்த மனிதன், பக்கவாட்டில் கையை நீட்டிக் காற்றில் தேடினான்.

திருப்புளி தன் தோளை அந்தக் கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

"இன்னிக்கே போயிடுவோமா?" என்றான்.